முதல் 10 கி.மீ.: சென்னை மாரத்தானுக்குப் பேர் கொடுத்துவிட்டுக் கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் பிறந்தால் என் ஃபோனுக்கு வாய்ஸ் மெசேஜ் வரத் தொடங்கிவிடும். "அண்ணா, பேர் குடுத்துட்டேன். இப்ப என்ன பண்றது?" சென்னை மாரத்தானில் 10 கி.மீ. பிரிவுக்குப் பணம் கட்டிவிட்டு அப்புறம் பயப்படுகிறவர்கள். அலுவலகத்தில், அடுக்குமாடி லிஃப்ட்டில், பெசன்ட் நகர் கடற்கரையில் ஞாயிறு ஓட்டம் முடித்துக் காபி குடிக்கிற இடத்தில், எங்கே போனாலும் அதே சந்தேகங்கள்தான். நான் கோச் இல்லை, டாக்டரும் இல்லை. பத்து வருடமாக ஓடுகிறவன், இரண்டு முறை தண்ணீர் மேஜையில் தன்னார்வலராக நின்றவன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

நான் 10 கி.மீ.தான் ஓடப்போறேன். ஆபீஸ்ல மாரத்தான் ஓடப்போறேன்னு சொல்லிட்டேன். தப்பா?

சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் மாரத்தான் என்பது 42.195 கி.மீ. மட்டுமே. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய அந்தத் தூரமே 1921இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதில் பாதி, அதாவது 21.1 கி.மீ., ஹாஃப். மற்றதெல்லாம் 10கே, 5கே.

சென்னை மாரத்தானை நடத்துவது சென்னை ரன்னர்ஸ் என்ற ஓட்டக் குழு. ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி நடக்கும். ஒரே காலையில் பல பிரிவுகள் ஓடுவதால் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாரத்தான் என்றே பேர் நிலைத்துவிட்டது. உங்கள் மாமியார் விசாரித்தால் 10 கி.மீ. என்று சொல்லுங்கள். மெரினாவில் நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பி, மறுபடி ஒருமுறை அதே மாதிரி போய் வருவதைவிடக் கொஞ்சம் குறைவு. அவருக்கு அதுவே போதுமான அதிர்ச்சி.

வயசு 43. கடைசியா ஓடினது பல்லவன் பஸ் பிடிக்க. என்னால முடியுமா?

முடியும். அரை மணி நேரம் வேகமாக நடக்க முடிகிற, வேறு சிக்கல் இல்லாத ஆள் மூன்று மாதத்தில் 10 கி.மீ. ஓடி முடித்ததை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

ஆனால் முதலில் டாக்டர். நாற்பதைத் தாண்டியவர்கள், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள், புகை பிடிப்பவர்கள், வீட்டில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருப்பவர்கள் எல்லோரும் ஓட ஆரம்பிக்கும் முன் காட்டிவிட வேண்டும். படி ஏறும்போது நெஞ்சை அழுத்துவது, தலை சுற்றுவது, படபடப்பு என்று எது இருந்தாலும் வயது 25 ஆனாலும் காட்ட வேண்டும். "ஓடப்போறேன், 10 கி.மீ." என்று சொல்லியே காட்டுங்கள். "சும்மா செக்கப்" என்று சொன்னால் அவர்களும் சும்மா பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

எத்தனை வாரம் வேணும்? தினமும் ஓடணுமா?

12 வாரம் இருந்தால் நிம்மதி. 8 வாரம் என்றால் ஏற்கெனவே நடைப்பயிற்சி செய்பவராக இருக்க வேண்டும். தினமும் வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள் போதும். கால் பலமாவது ஓடுகிற நாளில் இல்லை, ஓடாத நாளில்தான்.

முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இதைப் பத்து முறை செய்தால் அரை மணி நேரம் முடிந்தது. "இவ்வளவுதானா?" என்று தோன்றும். தோன்றட்டும். நான்காவது வாரத்தில் இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. எட்டாவது வாரத்தில் ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. மூன்று நாளில் ஒன்று, பெரும்பாலும் ஞாயிறு, நீண்ட ஓட்டம். மூன்று கி.மீ.யில் ஆரம்பித்து வாரத்துக்கு அரை, முக்கால் கி.மீ. கூட்டி, பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு எட்டு ஒன்பது கி.மீ.யில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நாலு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் கொஞ்சம் குறைத்து ஓய்வு எடுங்கள்.

ஜனவரிப் பந்தயத்துக்குத் தயாராவது என்றால் அக்டோபர், நவம்பர், டிசம்பர் முழுக்க வடகிழக்குப் பருவமழைக்குள் ஓடுவது. நாலைந்து நாள் எப்படியும் போகும். தேங்கிய தண்ணீருக்குள் மட்டும் இறங்காதீர்கள். அடியில் பள்ளமா, திறந்த மேன்ஹோலா என்று தெரியாது. அந்த நாட்களில் வீட்டு மாடிப்படி பத்து முறை ஏறி இறங்கினால் போதும். விட்டுப்போன ஓட்டத்தை மறுநாள் சேர்த்துப் பிடிக்கப் பார்க்காதீர்கள். போனது போனதுதான்.

மெதுவா ஓடு, மெதுவா ஓடுன்னு எல்லாரும் சொல்றாங்க. எவ்வளவு மெதுவா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். "நேத்து நைட்டு எங்க வீட்டுல கரண்ட் போயி ரெண்டு மணிக்குத்தான் வந்துச்சு" என்பதை மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தால் வேகம் சரி. "நேத்து... நைட்டு... கரண்ட்..." என்று வந்தால் வேகம் அதிகம். தனியாக ஓடுகிறீர்களா, தனியாகவே பேசுங்கள். விடிகாலையில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

புதிதாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "எனக்கு ஓட்டம் வராது" என்று நிறுத்துவதற்குக் காரணம் வேகம்தான். பள்ளிக்கூடத்தில் நூறு மீட்டர் ஓடிய ஞாபகத்தில் இறங்குகிறார்கள், 300 மீட்டரில் மூச்சு முட்டுகிறது, உடம்பின் மேல் பழியைப் போட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கி.மீ.க்கு எட்டு, ஒன்பது நிமிடம் ஆனாலும் அது ஓட்டம்தான். வேகமாக நடக்கும் பாட்டி உங்களை முந்திப் போவார். என்னையும் முந்திப் போயிருக்கிறார், பெசன்ட் நகரில், பட்டுப் புடவையில், கோயிலுக்கு.

ஷூவுக்கு எவ்வளவு செலவு பண்ணணும்?

ஓடுவதற்கென்று செய்த ஷூ வேண்டும். டென்னிஸ் ஷூ, கேன்வாஸ், கல்லூரிக்குப் போட்ட ஸ்னீக்கர் வேண்டாம். அவ்வளவுதான் விதி. விலை கூடினால் கால் காப்பாற்றப்படும் என்பதில்லை. போட்டுப் பார்த்து உறுத்தாமல் இருப்பதே நல்ல ஷூ.

மாலையில் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போதும் வீங்கும். நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும், இல்லையென்றால் நகம் கறுத்துவிடும். பந்தயத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். பந்தய நாளில் புது ஷூ போடுவது, பரீட்சை அன்றைக்குப் புதுப் பேனா எடுத்துப்போவது போல. எழுதலாம், ஆனால் எதற்கு?

காலைல 5 மணிக்கு எங்க போய் ஓடுறது? நாய் துரத்துதே அண்ணா.

மெரினா உட்புறச் சாலை, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை, உங்கள் பகுதி மாநகராட்சி மைதானம். வீட்டுத் தெருவிலேயே ஓடுகிறீர்கள் என்றால் வண்டி வரும் திசையைப் பார்த்தபடி, வலது ஓரமாக ஓடுங்கள். வெளிர் நிறச் சட்டை போடுங்கள். இரண்டு காதிலும் பாட்டு வேண்டாம்.

நாய் வந்தால் ஓடாதீர்கள். நின்றுவிடுங்கள், அப்புறம் மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள். ஓடுகிற காலைத்தான் அது துரத்துகிறது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே தெருவில் போனால் இரண்டு வாரத்தில் அதற்கு உங்களைத் தெரிந்துவிடும். கடித்தாலோ பல் கீறினாலோ உடனே சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி. இதில் நாளைக்குப் பார்த்துக்கலாம் என்பதே கிடையாது.

மார்கழி பிறந்தால் இந்தக் கவலை பாதி குறையும். ஐந்து மணிக்கே வாசலில் கோலம், கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, தெரு முழுக்க ஆள். தனியாக ஓடத் தயங்கும் பெண்கள் பலர் அந்த மாதத்தில் ஆரம்பித்து அப்படியே தொடர்ந்திருக்கிறார்கள். குழுவாக ஓடுவது இன்னும் நல்லது. சென்னையில் அனேகமாக எல்லாப் பகுதியிலும் ஒரு குழு இருக்கிறது.

பெங்களூர்ல இருக்கும்போது ஈசியா 6 கி.மீ. ஓடுவேன். இங்க வந்து 3 கி.மீ.லயே நாக்கு தள்ளுது. உடம்பு கெட்டுப்போச்சா?

இல்லை. இது ஈரப்பதம். வியர்வை வழிந்தால் உடம்பு குளிராது, ஆவியாக வேண்டும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருப்பதால் அது ஆவியாகாமல் சொட்டுகிறது. உடம்பின் சூட்டைக் குறைக்க இதயம் கூடுதலாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பழகப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அதுவரை கி.மீ.க்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்து மெதுவாக ஓடுங்கள். ஜனவரி விடிகாலையில் 21, 22 டிகிரி இருக்கும். செப்டம்பரில் திணறியவர்களுக்கு அது ஊட்டி.

ஓட ஆரம்பிச்சதுலேர்ந்து முட்டி வலிக்குது. ஓட்டம் முட்டியைத் தேய்ச்சிடும்னு அப்பா சொல்றார்.

அளவாக ஓடினால் ஆரோக்கியமான முட்டி தேய்ந்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உட்கார்ந்தே இருப்பவர்களுக்கும் முட்டி வலி வருகிறது, அப்பாவிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். புதிதாக ஓடுபவருக்கு வரும் வலிக்குப் பெரும்பாலும் காரணம் தூரத்தைச் சட்டென்று கூட்டியதும், தொடைத் தசையில் பலம் இல்லாததும்தான்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. தசை முழுக்கப் பரவலாக வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால் ஓடலாம். ஒரு விரலை வைத்து "இங்கேதான்" என்று காட்ட முடிந்தால், அல்லது ஓட ஓட வலி கூடினால், அல்லது நொண்ட வைத்தால் நிறுத்துங்கள். ஒரு வாரம் ஓய்வு. அப்புறமும் இருந்தால் பிசியோதெரபிஸ்ட். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வரும் வலியும் இந்தக் கணக்குதான். வாரத்துக்கு இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை மூன்று முறை பத்துப் பத்தாகச் செய்யுங்கள். அலுப்பான வேலை, ஆனால் பலன் உண்டு.

பீரியட்ஸ் டயத்துல ஓடலாமா? ரேஸ் அன்னிக்கே வந்துட்டா?

ஓடலாம். உடம்பு இடம் கொடுத்தால் ஓடுவதற்கு மருத்துவத் தடை எதுவும் இல்லை, பலருக்கு வயிற்று வலி குறையவும் செய்கிறது. எதைப் பயன்படுத்துவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு ஒரு நீண்ட ஓட்டம் முன்பே ஓடிப் பாருங்கள். உராய்வு எங்கே வரும் என்று அப்போது தெரிந்துவிடும்.

எங்கள் குழுவில் இருக்கும் அக்காமார்கள் புதிதாக வரும் பெண்களிடம் முதலில் சொல்வது வேறு: ஹீமோகுளோபின் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. "ஸ்டாமினா இல்ல" என்று நினைத்துக்கொண்டிருப்பது பல சமயம் இரும்புச் சத்து இல்லாததுதான்.

எனக்கு சுகர் இருக்கு. மாத்திரை போட்டுட்டு ஓடலாமா?

ஓட்டம் சர்க்கரைக்கு நல்லது. ஆனால் இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவருக்கு ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. நான் சொல்லக் கூடியது இவ்வளவு. ஓடும் முன் ஒருமுறை பாருங்கள், பாக்கெட்டில் குளுக்கோஸ் வையுங்கள், தொடையில் இன்சுலின் போட்டவுடன் ஓடாதீர்கள், வேகமாக உறிஞ்சப்படும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, குழப்பம் வந்தால் நின்று குளுக்கோஸைப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கொப்புளம் வந்தது உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம்.

ரேஸுக்கு முன்னாடி ஒரு தடவையாவது 10 கி.மீ. முழுசா ஓடிடணுமா?

தேவை இல்லை. எட்டு ஓடியவர் பத்து ஓடிவிடுவார். கடைசி இரண்டு கி.மீ.க்குக் கூட்டம், மேளம், தெரியாதவர்களின் கைதட்டல் எல்லாம் இருக்கிறது. கடைசி வாரம் இருபது நிமிட லேசான ஓட்டம் இரண்டு நாள், மீதி நாள் ஓய்வு. அந்த வாரத்தில் கால் கனக்கிற மாதிரி, தொண்டை கரகரக்கிற மாதிரி, முட்டி பிடித்த மாதிரி எல்லாம் தோன்றும். பெரும்பாலும் மனசுதான்.

பிப், சிப், எக்ஸ்போ... இதெல்லாம் என்ன?

பிப் என்பது நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டை. சிப் அதன் பின்னால் ஒட்டியிருக்கும். புறப்படும் இடத்திலும் முடியும் இடத்திலும் தரையில் விரித்திருக்கும் பாயைத் தாண்டும்போது அது உங்கள் நேரத்தைப் பதிவு செய்யும். அதனால் பிப்பை மடிக்கக் கூடாது, சிப் மேல் ஊக்குக் குத்தக் கூடாது, முதுகில் குத்தக் கூடாது. எக்ஸ்போ என்பது இரண்டு மூன்று நாள் முன்பு பிப்பும் டி-ஷர்ட்டும் கொடுக்கும் இடம். அடையாள அட்டை எடுத்துப் போங்கள். பந்தய நாள் காலையில் கொடுக்க மாட்டார்கள். அங்கே கடை கடையாக ஜெல், பவுடர், பெல்ட் விற்பார்கள். வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

பிப் பின்பக்கத்தில் ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் என்று எழுத இடம் இருக்கும். எழுதுங்கள்.

முந்தின நாள் ராத்திரி நிறைய சாப்பிடணுமாமே? காலைல வெறும் வயிறா?

42 கி.மீ. ஓடுபவர்கள் செய்வதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். 10 கி.மீ.க்கு உங்கள் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் சத்தே போதும். ராத்திரி எட்டு மணிக்குள் ரசம் சாதமோ, இட்லியோ, தயிர் சாதமோ, வழக்கமான அளவு. பிரியாணி, ராஜ்மா, சுண்டல், கல்யாண விருந்து எல்லாவற்றையும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

காலையில் புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி சர்க்கரை தொட்டு, அல்லது ஒரு வாழைப்பழம். தினமும் காபி குடிப்பவர் குடித்துவிடுங்கள். அது வயிற்றையும் காலி செய்ய வைக்கும், பந்தயக் காலையில் அதுவே முக்கியம். அங்கே தற்காலிகக் கழிப்பறை வரிசை நீளம், உள்ளே இருட்டு. வீட்டிலேயே முடித்துவிட்டு வருபவர் பாதி ஜெயித்தவர். எதைச் சாப்பிடப்போகிறீர்களோ அதைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு ஞாயிறு ஓடிப் பார்த்திருக்க வேண்டும், ஷூவுக்குச் சொன்ன அதே காரணம்தான்.

குடுத்த டி-ஷர்ட்டையே போட்டுக்கிட்டு ஓடலாமா? எல்லாரும் போடுவாங்களே?

பாதிப் பேர் போடுவார்கள், அதில் சிலர் அன்று குளிக்கும்போது கத்துவார்கள். புதுத் துணியின் தையல் அக்குளில் உராயும். பழகிய சட்டையே போடுங்கள், பருத்தி வேண்டாம். நனைந்தால் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்ட மாதிரி கனக்கும். தொடை இடுக்கு, அக்குள், பெண்களுக்கு உள்ளாடைப் பட்டை படும் இடம் எல்லாவற்றிலும் வாசலின் தடவுங்கள். ஆண்கள் மார்க்காம்பில் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள். சிரிப்பவர்கள், ஹாஃப் முடித்து வருபவர்களில் வெள்ளைச் சட்டைக்காரர்களைப் பாருங்கள், நெஞ்சில் இரண்டு சிவப்புக் கோடு இறங்கியிருக்கும்.

ஸ்டார்ட்ல எங்க நிக்கணும்? முன்னாடி போயிட்டா டைம் மிச்சம் ஆகுமா?

ஆகாது. உங்கள் கணக்கு நீங்கள் பாயைத் தாண்டும்போதுதான் ஆரம்பிக்கிறது. ஐந்து நிமிடம் தாமதமாகத் தாண்டினாலும் நஷ்டம் இல்லை. பரிசு வாங்கப்போகிறவர்களுக்கு மட்டும்தான் துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்து கணக்கு முக்கியம். பின்னால் நில்லுங்கள்.

என் முதல் 10 கி.மீ. ஓட்டத்தில் நான் முன்வரிசைக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக நின்றேன். போட்டோ வரும் என்று ஆசை. கி.மீ.க்கு எட்டு நிமிடம் என்று மூன்று மாதம் பழகியிருந்தேன். வெடித்ததும் சுற்றிலும் கிளம்பிய கால்களோடு நானும் போனேன். முதல் கி.மீ. பலகையில் வாட்சைப் பார்த்தால் ஐந்து நிமிடம் இருபது நொடி. பயப்படவில்லை, சந்தோஷப்பட்டேன், "நமக்குள்ள இவ்வளவு இருக்கா!" என்று. நாலாவது கி.மீ.யில் சாலை நடுத்திட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு போலீஸ்காரர் வந்து, "சார், வீடு எங்க?" என்று கேட்டார். மீதி ஆறு கி.மீ. நடந்தேன். போட்டோவும் வரவில்லை.

அதனால் முதல் இரண்டு கி.மீ.யில் எல்லோரும் உங்களை முந்திப் போக வேண்டும். போனால்தான் சரியாக ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். பேச்சுச் சோதனையை முதல் கி.மீ.யிலேயே செய்து பாருங்கள். ஏழாவதில் அவர்களில் பாதிப் பேரைப் பார்ப்பீர்கள்.

பேசர் பின்னாடியே போயிடலாமா?

போகலாம். முதுகில் அல்லது கையில் ஒரு நேரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்தான் பேசர். "80" என்று இருந்தால் 80 நிமிடத்தில் முடிப்பார், கி.மீ.க்கு எட்டு நிமிடம். நீங்கள் பழகிய வேகத்துக்குப் பொருந்தும் ஆளைப் பிடியுங்கள், ஆசைப்படும் வேகத்துக்கு இல்லை. அவர் சுற்றிலும் பெரிய கூட்டமாக இருந்தால் பத்தடி பின்னால் வாருங்கள், தண்ணீர் மேஜையில் மிதிபடாமல் இருக்கலாம்.

தண்ணி எவ்வளவு குடிக்கணும்? ஒவ்வொரு மேஜையிலயும் நிக்கணுமா?

தாகம் எடுத்தால் குடியுங்கள். 10 கி.மீ.யில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு மேஜை விட்டு ஒரு மேஜை, ஒரு கப் போதும். நிறையக் குடித்தால் நல்லது என்று லிட்டர் கணக்கில் ஊற்றிக்கொண்டால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம் என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம். மெதுவாக, நீண்ட நேரம் ஓடுபவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது, ஏனென்றால் அவர்களுக்குத்தான் குடிக்க நேரம் இருக்கிறது.

மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றவனாக ஒன்று சொல்கிறேன். எல்லோரும் முதல் மேஜையின் முதல் கப்புக்கே பாய்வார்கள். ஒரு கை நீட்டும், இன்னொரு கை தட்டும், தண்ணீர் என் மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் போகும். கடைசி மேஜையில் ஆளே இருக்காது. அங்கே வாருங்கள். கண்ணைப் பார்த்துக் கையை நீட்டுங்கள், கப்பின் வாயை இரண்டு விரலால் கிள்ளிக் குவித்துக்கொண்டு ஓரமாக நடந்தபடியே குடியுங்கள். நட்டநடுவில் நிற்காதீர்கள், பின்னால் வருபவர் மோதுவார். கப்பைத் தொட்டியில் போடுங்கள். நசுங்கிய கப்பின் மேல் கால் வைத்து வழுக்கியவர்களைத் தூக்கிவிட்டிருக்கிறேன்.

நடுவுல நடந்தா கேவலமா இருக்காதா?

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலவே, ஓடுவதும் நடப்பதும் மாறி மாறி என்ற முறையைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அவருக்கே கேவலம் இல்லை. ஆனால் ஒரு விஷயம்: முடியாமல் போன பிறகு நடப்பது வேறு, முதலிலிருந்தே திட்டமிட்டு நடப்பது வேறு. ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று பழகியிருந்தால் பந்தயத்திலும் முதல் ஐந்தாவது நிமிடமே நடங்கள். "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று அந்த நடையைத் தள்ளிப் போடுகிறவர் எட்டாவது கி.மீ.யில் வட்டியோடு நடப்பார்.

வாட்ச்ல 10.3 கி.மீ. காட்டுது. கூடுதலா ஓட விட்டுட்டாங்களா?

இல்லை. முறையாக அளந்த பாதை என்றால் சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற எண்ணி பொருத்திய சைக்கிளில், வளைவு வளைவாக மிகக் குறுகிய வழியில் அளந்திருப்பார்கள். பாதை குறைந்துபோய்விடக் கூடாது என்று கி.மீ.க்கு ஒரு மீட்டர் வேண்டுமென்றே கூட்டியும் இருப்பார்கள். நீங்கள் அந்தக் குறுகிய வழியில் ஓடுவதில்லை. திருப்பத்தில் அகலமாகப் போகிறீர்கள், கூட்டத்தை ஒதுங்கி வலது இடது என்று பாய்கிறீர்கள், தண்ணீருக்கு ஓரம் போகிறீர்கள். வாட்சின் ஜிபிஎஸ் பிழையும் சேர்ந்து 200, 300 மீட்டர் கூடிவிடும். இதற்காகச் சண்டை போட்டு ஈமெயில் அனுப்பியவரை எனக்குத் தெரியும். இப்போது அவரும் நல்ல நண்பர்.

ஃப்ரெண்டுக்கு வர முடியல, அவன் பிப்ல நான் ஓடலாமா?

கூடாது. விதி என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பிப் பின்னால் எழுதச் சொன்னேனே, ரத்த வகையும் வீட்டு எண்ணும், நீங்கள் விழுந்தால் ஆம்புலன்சில் இருப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் அழைப்பார்கள். உங்களுக்கு மயக்கம், உங்கள் நண்பனின் அம்மாவுக்கு ஃபோன். அப்புறம், அவன் பெயரில் ஒரு மோசமான நேரமும் பதிவாகும், அதற்கு வேறு அவன் உங்களைத் திட்டுவான்.

முன்னெச்சரிக்கையா ஒரு வலி மாத்திரை போட்டுக்கலாமா?

வேண்டாம். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். போதாததற்கு, நிற்கச் சொல்லும் வலியையும் மறைத்துவிடும். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலையில் ஓடக் கூடாது.

ரேஸ் ஞாயித்துக்கிழமை. வியாழக்கிழமை காய்ச்சல், இப்ப விட்டுடுச்சு. ஓடலாம்ல?

இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் வருகிறது, ஏனென்றால் மழை முடிந்த கையோடு டெங்குவும் வைரல் காய்ச்சலும் ஊரைச் சுற்றுகிற காலம் அது. லேசான மூக்கடைப்பு மட்டும் என்றால் மெதுவாக ஓடலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி இருந்திருந்தால் கூடாது. காய்ச்சல் விட்டாலும் கிருமி இதயத் தசையைத் தொட்டிருக்க வாய்ப்பு உண்டு, அப்போது கடுமையாக உழைத்தால் விபரீதமாகலாம். டெங்கு என்றால் டாக்டர் ஓடலாம் என்று சொல்லும் வரை நடைதான்.

கட்டின பணமும் மூன்று மாத உழைப்பும் போகிறதே என்பீர்கள். புரிகிறது. ஆனால் சென்னையைச் சுற்றி மாதத்துக்கு ஒரு பந்தயமாவது நடக்கிறது.

கடைசியா வந்தா என்ன ஆகும்? வண்டில ஏத்திடுவாங்களா?

ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கெடு நேரம் இருக்கும், பதிவு செய்த பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 10 கி.மீ. முழுக்க மணிக்கு ஆறு கி.மீ. வேகத்தில் நடந்தாலே 100 நிமிடம்தான். நீங்கள் பாதியாவது ஓடப்போகிறீர்கள். கெடுவைத் தாண்டினால் போக்குவரத்து திறந்துவிடும், பின்னால் வரும் வண்டியில் ஏறச் சொல்வார்கள், அல்லது நடைபாதைக்குப் போகச் சொல்வார்கள். ஏறுவதில் அவமானம் இல்லை. உள்ளே உங்களுக்கு முன்பே இரண்டு பேர் உட்கார்ந்து பிஸ்கெட் தின்றுகொண்டிருப்பார்கள்.

முடிச்சவுடனே மயக்கம் வர்ற மாதிரி இருந்துச்சு. ஏன்?

சட்டென்று நின்றிருப்பீர்கள். ஓடும்போது கெண்டைக்கால் தசைதான் கீழே இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. நின்றதும் ரத்தம் காலிலேயே தங்கி, தலைக்குப் போவது குறைகிறது. கோட்டைத் தாண்டியதும் பத்து நிமிடம் நடந்துகொண்டே இருங்கள். செல்ஃபியை நடந்துகொண்டே எடுங்கள். மயக்கமாக இருந்தால் படுத்துக் காலை உயர்த்துங்கள். நெஞ்சுவலி, குழப்பம், வாந்தி இருந்தால் உடனே மருத்துவக் கூடாரம். சமாளிக்கப் பார்க்க வேண்டாம். மறுநாள் படி இறங்கும்போது தொடை கூச்சலிடும், பின்பக்கமாக இறங்கினால் வலி குறைவு.

முடிச்சிட்டேன் அண்ணா! அடுத்த மாசம் ஹாஃப்?

அடுத்த மாதம் இல்லை. மெடல் கழுத்தில் இருக்கும்போது எந்தப் பதிவும் செய்யாதீர்கள். ஒரு வாரம் ஓய்வு, மூன்று வாரம் பழையபடி மூன்று நாள் ஓட்டம், அப்புறமும் ஆசை இருந்தால் நாலு மாதம் தள்ளி ஒரு ஹாஃப். ஆனால் ஜனவரிக்குப் பிறகு நாலு மாதம் என்றால் மே. சென்னையில் மே மாதம் காலை ஆறு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிடும். மழைக்காலம் வரை 10 கி.மீ.யிலேயே இருந்து, மேலே சொன்ன பாட்டியை முந்தப் பாருங்கள். நான் இன்னும் முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.